பெர்லின் யூத அருங்காட்சியகம்: அந்த இரும்பு முகங்களை மிதித்தீர்களா?

மழைக்காகம்:

பெர்லின் யூத அருங்காட்சியகம் போனவர்கள் இங்கே நாலைந்து பேராவது இருப்பீர்கள். கட்டடக் கலைஞர் லிபெஸ்கிண்ட், கோணல்மாணல் கட்டடம், துத்தநாகச் சுவர் எல்லாம் தெரிந்த கதை, விட்டுவிடுகிறேன். தரை முழுக்க இரும்பு முகங்கள் கிடக்குமே, போரிலும் வன்முறையிலும் செத்தவர்கள் நினைவாக மெனாஷே கதிஷ்மான் என்ற சிற்பி செய்த ‘ஷலேகெத்’, அதில் நடந்தீர்களா?

நான் போனது 2014. கனத்த இரும்புத் தகட்டில் வெட்டிய முகங்கள், வாயைத் திறந்தபடி, பத்தாயிரத்துக்கு மேல். பள்ளிக்கூடக் கூட்டம் ஒன்று சிரித்துக்கொண்டே எனக்கு முன்னால் நடந்து போனது. நானும் இறங்கினேன். ஏழெட்டு அடி வைத்திருப்பேன். சின்ன முகம் ஒன்று காலடியில் வழுக்கி இன்னொன்றின் மேல் மோதி ‘ணங்’ என்றது. ஓங்கிய வெற்றுச் சுவர்களுக்கு நடுவே அந்தச் சத்தம் போய்ப் போய்த் திரும்பியது. குனிந்து பார்த்தேன். அப்புறம் கால் எழவில்லை. முன்னால் போனாலும் முகம், திரும்பினாலும் முகம். அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு பையன் திரும்பி வந்து கையை நீட்டினான். அவனைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

கடையில் கேட்டலாக் வாங்கினேன். படம் அழகாக இருக்கிறது, சத்தம்தான் இல்லை. பாத்திரக்கடையில் எவர்சில்வர் தட்டு சரிந்தால் இன்றைக்கும் முதுகு சில்லிடுகிறது. மிதித்தது சரியா?

கொங்கு வாத்தியார்:

தம்பி, மிதிப்பதற்காகத்தானே அங்கே போட்டிருக்கிறார்கள்? கலைஞர் நினைத்ததே அதுதான். ‘ஷலேகெத்’ என்றால் உதிர்ந்த இலைகள். சருகில் நடந்தால் சத்தம் வரத்தான் செய்யும். நான் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போய் வந்தேன். வீட்டுக்காரி முட்டிவலி என்று ஓரத்திலேயே நின்றுவிட்டாள்.

எனக்கு ஆட்டம் கண்டது வெளியே, நாடுகடந்தோர் தோட்டத்தில். 49 கான்கிரீட் தூண்கள், உச்சியில் செடி. 48 தூண்களில் பெர்லின் மண், ஒன்றில் மட்டும் எருசலேம் மண். தரை சாய்வு. தூண்களும் அதோடு சேர்ந்தே சாய்ந்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத்தான் தெரியும். தலை சுற்றி ஒரு தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். நல்லவேளை, போட்டோ எடுக்கவில்லை.

போகப் போகிறவர்களுக்குச் சில யோசனைகள். புதுக் கட்டடத்துக்கு வாசலே கிடையாது, சுற்றிச் சுற்றித் தேடாதீர்கள். பக்கத்திலிருக்கும் பழைய கட்டடம் வழியாக நுழைந்து, படியிறங்கி, பூமிக்கு அடியில்தான் போக வேண்டும். விமான நிலையம் மாதிரி பையைச் சோதிப்பார்கள், பழம் வெட்டக் கத்தி கித்தி வைத்திருக்காதீர்கள். கீழே பாதைகள் பிரியும். ஒன்று ஹோலோகாஸ்ட் (நாஜிகள் செய்த யூத இனப்படுகொலை) கோபுரத்துக்குப் போகும். உள்ளே ஹீட்டர் கிடையாது, மேலே ஒரு கீற்று வெளிச்சம் மட்டும். குளிர்காலத்தில் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். நிரந்தரக் கண்காட்சியை 2020இல் புதிதாக அமைத்தார்கள், அதற்குக் கட்டணம் இல்லை. குழந்தைகளோடு போனால் எதிரே பழைய பூச்சந்தைக் கூடத்தில் ‘அனோகா’ இருக்கிறது, நோவாவின் பேழையை மரத்தில் கட்டி விளையாட விட்டிருக்கிறார்கள். கடைசியாக ஒன்று: கேட்டலாக் வாங்காதீர்கள். இரண்டு கிலோ கனம், வீட்டில் எவரும் திறக்கப்போவதில்லை. எல்லாம் இணையத்தில் கிடைக்கிறது.

மழைக்காகம்:

ஐயா, நான் வழி கேட்கவில்லை :)

நிலா அம்மா:

முகங்களைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, அங்கே போகும் முன்னரே கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டேன். நான் போனது 2013இல், அங்கே நடந்த ‘முழு உண்மை’ கண்காட்சிக்கு. யூதர்களைப் பற்றிக் கேட்கத் தயங்கும் கேள்விகளை வைத்தே கண்காட்சி. அதில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே மெத்தை போட்ட இருக்கை, அதில் ஒரு யூதர் உட்கார்ந்திருப்பார். யார் வேண்டுமானாலும் எது வேண்டுமானாலும் கேட்கலாம். ‘பெட்டிக்குள் யூதர்’ என்று பத்திரிகைகளில் பெரிய சண்டை நடந்ததே, அதுதான். 1961இல் நாஜி அதிகாரி ஐக்மனை இஸ்ரேலில் விசாரித்தபோது கண்ணாடிக் கூண்டில் உட்கார வைத்தார்கள், இப்போது யூதரையே உட்கார வைக்கிறார்களே என்று என் கணவர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

அன்று இருந்தது ஒரு பெண்மணி, ஐம்பது வயது இருக்கும். இறைச்சியையும் பாலையும் ஏன் சேர்ப்பதில்லை, வீட்டில் இரண்டு செட் பாத்திரமா என்று நான் கேட்டேன். சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். அப்புறம் என்னைப் பார்த்து, “உங்களிடமும் இப்படிக் கேட்பார்களா?” என்றார்.

கேட்பார்கள். பொட்டு எதற்கு, மாடு சாப்பிட்டால் என்ன ஆகும், கல்யாணம் அப்பா அம்மா பார்த்து வைத்ததா என்று அலுவலக கேன்டீனில் வாரம் ஒருவர் கேட்பார். வீட்டுக்கு வந்து எரிந்து விழுவேன். அதே நான் வரிசையில் நின்று ஒரு மனுஷியிடம் பாத்திரக் கணக்கு கேட்டிருக்கிறேன். “ஆமாம்” என்று மட்டும் சொன்னேன். பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார், நகர்ந்துவிட்டேன். நன்றி கூடச் சொல்லவில்லை.

லா சப்பல் தம்பி:

பெர்லின் நான் பார்க்கவில்லை. பாரிசில் மாரே பகுதியில் யூதக் கலை வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது, செந்தெனியான் மாளிகை, 1998இல் திறந்தது. முற்றத்தில் உடைந்த வாளோடு கப்டன் திரைஃபுஸ் சிலை நிற்கும், துரோகி என்று பொய்யாகத் தண்டித்த யூத ராணுவ அதிகாரி. எல்லோரும் அதைத்தான் படம் எடுப்பார்கள். எனக்கு உள்ளே இருக்கிற சின்ன முற்றத்துச் சுவர்தான் இன்னும் மனதில் நிற்கிறது. சுவரில் ஆங்காங்கே காகிதம் ஒட்டியிருந்தது, ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். இங்கே பாரிசில் தமிழ்க் கடைகள் இருக்கிற லா சப்பலில், கடைக் கண்ணாடியில் எங்கட ஆக்கள் கண்ணீர் அஞ்சலி ஒட்டுவார்கள்தானே. யாரோ செத்துவிட்டார்கள், எடுக்கிறது எத்தனை மணிக்கென்று போட்டிருக்கும் என்று நான் கிட்டப் போய்த் தேடினேன். சத்தியமாக.

பிறகுதான் காவலாளி சொன்னார். போல்தான்ஸ்கி என்ற கலைஞர் செய்தது. 1939இல் அந்த வீட்டில் குடியிருந்தவர்களின் பெயர்கள். அப்போது அது மாளிகை இல்லை, தொழிலாளிகளும் சின்னப் பட்டறைகளும் நிறைந்த இடமாம். அவர்களில் சிலரைப் பிடித்துக்கொண்டு போய்க் கொன்றுவிட்டார்கள்.

வாத்தியார் ஐயா, அந்தப் பெயர்களுக்கும் இணையம் போதும் என்கிறீர்களா?

ஆவாரம்பூ:

கேட்டலாக் வாங்காதே என்கிற பேச்சை நானும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆம்ஸ்டர்டாம் யூத அருங்காட்சியகத்தில் ஷார்லோட் சாலமன் என்ற யூத ஓவியர் வரைந்த ‘வாழ்க்கையா? நாடகமா?’ இருக்கிறது. 1940க்கும் 1942க்கும் நடுவில் தென் பிரான்சில் அகதியாக இருந்தபோது வரைந்தாள். 769 ஓவியங்கள், மேலே ஒட்டும் தாளில் வசனம், எந்தப் பாட்டு ஒலிக்க வேண்டும் என்ற குறிப்பு. ஒரு மருத்துவரிடம் மொத்தத்தையும் ஒப்படைத்துவிட்டுப் போனாள், 1943இல் ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமில் கொன்றார்கள். 26 வயது, வயிற்றில் குழந்தை. வெளிச்சம் பட்டால் தாள் கெட்டுவிடும் என்று சுவரில் ஒரு நேரத்தில் கொஞ்சம்தான் மாட்டுவார்கள். மீதியைப் புத்தகத்தில் பார்க்காமல் எங்கே பார்ப்பது?

சரி, என் கதை. கோவையிலிருந்து கேரளத்துப் பரவூர் யூத ஜெப ஆலயத்துக்குப் போனோம். முசிறி மரபுச்சின்னங்களைக் காக்கும் திட்டத்தில் புதுப்பித்து அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். தோரா என்கிற யூத வேதச் சுருள் வைக்கும் மரப்பேழை முன்னால் நின்று, “என்ன வேலைப்பாடு பாரு” என்று தங்கையிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற வழிகாட்டி, “இது நகல். அசல் எருசலேமில் இருக்கு” என்றார். சண்டைக்குப் போனேன், யாரைக் கேட்டு எடுத்துக்கொண்டு போனார்கள் என்று. “கும்பிட்டவங்களே அங்கேதானே போயிட்டாங்க” என்றார். வாயடைத்துவிட்டது.

அப்புறம் ஒரு தோழி வீட்டில், எருசலேம் இஸ்ரேல் அருங்காட்சியகம் 1995இல் இந்திய யூதர்களைப் பற்றி நடத்திய கண்காட்சியின் கேட்டலாக் கிடைத்தது. கேரளத்து மரவேலை படங்களை ஒவ்வொரு பக்கமாகத் தடவிப் பார்த்தேன். தோழி, “பக்கம் அழுக்காகும்டி” என்று பிடுங்கிக்கொண்டாள். அதை இன்னும் எனக்கு இரவல் தரவில்லை.

கொங்கு வாத்தியார்:

கேட்டலாக் விஷயத்தில் எல்லோரும் சேர்ந்து என்னை அடிக்கிறீர்கள், இருக்கட்டும். ஷார்லோட் புத்தகம் வேறு, கட்டடத்தைப் படம் பிடித்த புத்தகம் வேறு. நான் சொன்னது இரண்டாவதை.

இன்னொன்று. இதையெல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன், வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து வந்தாள். முட்டிவலி இல்லையாம். “செருப்பைக் கழற்றிட்டு நடக்கலாமான்னு உங்களைக் கேட்டேன். ஊர் சிரிக்கும், பேசாம வான்னீங்க. அதான் நின்னுட்டேன்” என்கிறாள். எனக்கு அப்படிச் சொன்ன ஞாபகமே இல்லை.

மழைக்காகம்:

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள் ஐயா. எனக்கு அது தோன்றவே இல்லை. ஷூவோடுதான் நின்றேன்.