மும்பை மழையில் அம்மோனைட்: அசலா போலியா, எப்படிக் காப்பது?

செம்பூர்_சிப்பி
வணக்கம். என்னிடம் மூன்று அம்மோனைட் (அழிந்துபோன கடலுயிரின், அறை அறையாகப் பிரிந்த சுருள் ஓட்டின் புதைபடிவம்) இருக்கின்றன. முதலாவது மடகாஸ்கர் ஜோடி: நடுவே அறுத்து பாலிஷ் போட்டது, குறுக்களவு 9 செ.மீ., அறைகளுக்குள் தேன் நிறப் படிகம். இரண்டாவது மொராக்கோ என்று சொல்லி விற்றது: பழுப்புக் கல்லோடு சேர்ந்து 14 செ.மீ., தடித்த விலா வரிகள். மூன்றாவது ரஷ்யாவின் வோல்கா பக்கத்தில் கிடைத்தது, ஓடு பைரைட்டாக (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) மாறியது, 3 செ.மீ., பொன் நிறம். ஜூனில் மழை தொடங்கியதிலிருந்து இந்த மூன்றாவதன் மேல் வெள்ளைப் பொடி பூக்கிறது, துடைத்தால் திரும்ப வருகிறது. அதற்கு என்ன செய்வது? மற்ற இரண்டும் அசலா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா? மும்பையைச் சுற்றி நாமே போய் எடுக்கிற இடம் ஏதாவது உண்டா?

மாட்டுங்கா_கல்தச்சன்
பைரைட்டை இன்றே தனியாக எடுத்து வையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அந்தப் பொடி இரும்பு சல்பேட். காற்றில் இருக்கும் ஈரமும் ஆக்சிஜனும் பைரைட்டை அரிக்கும்போது கந்தக அமிலமும் கூடவே உண்டாகிறது. ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் வேகம் பிடிக்கும். நம் ஊர் ஜூலையைச் சொல்லவே வேண்டாம். விட்டுவைத்தால் அந்த அமிலம் அட்டைப்பெட்டி, லேபிள் எல்லாவற்றையும் தின்னும், பக்கத்தில் கால்சைட் (சுண்ணாம்புப் படிகம்) இருந்தால் அதையும் சேர்த்து. உங்கள் மடகாஸ்கர் ஜோடி அதே தட்டில் இருந்தால் உடனே பிரியுங்கள்.

கழுவக் கூடாது. வினிகர் கூடவே கூடாது. மென்மையான, நன்றாகக் காய்ந்த பல் துலக்கும் பிரஷ்ஷால் பொடியைத் தட்டி எடுங்கள், விரிசலுக்குள் இருப்பதை ஊசியால். பிறகு ரப்பர் வளையம் வைத்த மூடியுள்ள 3 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே துணிப் பையில் 100 கிராம் சிலிக்கா ஜெல், கூடவே ஈரப்பதம் காட்டும் ஒரு சின்ன டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர். ரீடிங் 40-க்குக் கீழே நிற்க வேண்டும். ஜெல் ஆரஞ்சு நிறத்தில் வாங்குங்கள், நீலத்தில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, வீட்டுக்கு ஆகாது. ஆரஞ்சு நிறம் போய்விட்டால் ஓவனில் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் மறுபடி வேலை செய்யும். டப்பாவை அடிக்கடி திறந்து பார்க்கிற ஆசையை மழை முடியும்வரை தள்ளிப் போடுங்கள்.

நெயில் பாலிஷ், வார்னிஷ் பூசச் சொல்வார்கள். கேட்காதீர்கள். ஈரம் அந்தப் படலத்துக்குள்ளும் நுழையும், உள்ளே மாட்டிய அமிலம் கல்லை உள்ளிருந்தே பிளக்கும். கல் உதிர ஆரம்பித்துவிட்டால் மட்டும் 100 மி.லி. அசிட்டோனில் 5 கிராம் பாரலாய்ட் பி-72 (அருங்காட்சியகங்களில் பயன்படும் அக்ரிலிக் பிசின்) கரைத்து, கல் முழுக்கக் காய்ந்த பிறகு பிரஷ்ஷால் ஊட்டலாம். அது உதிர்வைப் பிடித்து நிறுத்தும், அரிப்பை நிறுத்தாது. மழை நாளில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு இதைச் செய்தால் பூச்சு பால்போல வெளுக்கும்: அசிட்டோன் ஆவியாகும்போது கல்லின் மேல்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்துவிடுகிறது. வெயில் அடிக்கும் நாளுக்குக் காத்திருங்கள், அடுப்பு பக்கத்தில் வேண்டாம்.

முலுண்ட்_சுருள்
அசல், போலி விஷயத்துக்கு வருகிறேன்.

மடகாஸ்கர் ஜோடியில் ஏமாற்றுவது கடினம், ஏனென்றால் அறுத்த முகமே எல்லாவற்றையும் காட்டிவிடும். 10 மடங்கு லென்ஸ் வைத்துப் பாருங்கள். அறைகளைப் பிரிக்கும் சுவர்கள் மெல்லியதாக, மையத்திலிருந்து வெளியே போகப் போக இடைவெளி சீராகக் கூடிக்கொண்டே வர வேண்டும். கடைசிச் சுற்றில் ஒரு கட்டத்துக்கு மேல் சுவரே இருக்காது. உயிரோடு இருந்தபோது உடல் இருந்த அறை அது. அதில் பெரும்பாலும் படிகம் இல்லாமல் கடல்சேறு இறுகிக் கிடக்கும். சுவர்களைத் துளைத்துப் போகும் குழல் சுருளின் வெளி ஓரத்தை ஒட்டி ஓடினால் அம்மோனைட். சுவரின் நடுவே ஓடினால் நாட்டிலஸ் (அம்மோனைட்டின் தூரத்து உறவு), அதையும் அம்மோனைட் என்று விற்பார்கள். இரண்டு பாதியும் துல்லியமாகப் பொருந்தவில்லையே என்று சந்தேகப்பட வேண்டாம், ரம்பம் தின்ற கல் திரும்ப வராது. உங்களுடையது அனேகமாகக் கிளியோனிசெராஸ் என்ற அம்மோனைட் வகை, வயது சுமார் 11 கோடி ஆண்டு.

பாலிஷ் போட்ட வெளிப்புறத்தில் இலை நரம்புபோலக் கிளைத்த கோடுகள் தெரியும். அறைச் சுவரின் விளிம்பு மேல் ஓட்டின் உட்புறத்தைத் தொடுகிற இடம்தான் அந்தக் கோடு. மேல் ஓடு போன இடத்தில் மட்டுமே தெரியும் என்பதால், ஓடு முழுதாக இருக்கும் அசலில் அது கண்ணில் படாது. கோடு இல்லை என்பதற்காகவே போலி என்று முடிவு கட்டாதீர்கள்.

மொராக்கோத் துண்டுதான் ஆபத்தானது. அங்கே அசலும் ஏராளம், கல்தூளை ரெசினில் குழைத்து அச்சில் வார்த்ததும் ஏராளம். ஆசிட் விட்டு நுரைக்கிறதா என்று பார்ப்பதால் பயனில்லை: சுண்ணாம்புக்கல்லில் செதுக்கிய போலியும் நுரைக்கும். அடர்த்தி பாருங்கள். சமையலறைத் தராசில் கல்லை எடை போடுங்கள். பிறகு அதே தராசில் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து டேர் பொத்தானை அழுத்திப் பூஜ்யமாக்கி, கல்லை நூலில் கட்டி அடி தொடாமல் முழுக்க மூழ்க விடுங்கள். இப்போது தராசு காட்டுகிற கிராம்தான் கல்லின் கன அளவு, மி.லி. கணக்கில். எடையை அதனால் வகுங்கள். கால்சைட்டும் சுண்ணாம்புக்கல்லும் 2.6, 2.7 பக்கம் வரும். அறைகள் காலியாக இருந்தால் கொஞ்சம் இறங்கும். 2-க்குக் கீழே போனால் ரெசின் கலந்திருக்கிறது. பைரைட்டை மட்டும் தண்ணீரில் விட்டுவிடாதீர்கள்.

செம்பூர்_சிப்பி
நன்றி சார். பைரைட் டப்பாவுக்குள் போய்விட்டது. மடகாஸ்கர் ஒரு பாதி 130 கிராம், தண்ணீரில் 49. மொராக்கோ 870 கிராம், தண்ணீரில் 460. பின்பக்கம் ஊசிமுனை அளவில் வட்ட ஓட்டைகள் இருக்கின்றன.

முலுண்ட்_சுருள்
முதலாவது 2.65, கவலையே வேண்டாம். இரண்டாவது 1.89, அதோடு வட்ட ஓட்டைகள். அது வார்க்கும்போது மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழி. பின்பக்கத்தில் பழுக்கக் காய்ச்சிய ஊசியை ஒரு முறை வையுங்கள், பிளாஸ்டிக் கருகும் நெடி வந்தால் சந்தேகமே இல்லை. இன்னொன்று: விலா வரிகள் எல்லாம் ஒரே ஆழம், ஒரே அகலம், மையத்தில் சுருள் மொட்டையாக நின்றுவிடுகிறதா பாருங்கள். அசலில் சுருள் நுனிவரை நுணுகிப் போகும்.

ஒட்டுப்போட்டதும் போலியும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். உடைந்த அசலைப் பசையால் சேர்ப்பது சகஜம், விற்பவர் அதைச் சொல்லிவிட்டால் தப்பே இல்லை. 365 நானோமீட்டர் யு.வி. டார்ச்சில் பசை நீலவெள்ளையாக மின்னும். கால்சைட்டும் சில நேரம் மின்னும், அதனால் திடீரென வெட்டினாற்போல் மாறும் எல்லையைத் தேடுங்கள்.

தாதர்_புஜ்_பயணி
இடம் கேட்டிருந்தீர்கள். மும்பையில் கிடையாது. இங்கே காலுக்குக் கீழே இருப்பது தக்காண எரிமலைக் குழம்பு இறுகிய பாறை, கடல் படிவம் அல்ல. சாலை வெட்டிய இடங்களில் ஸ்டில்பைட், அபோபிலைட் படிகங்கள் கிடைக்கும், அவ்வளவுதான்.

அம்மோனைட்டுக்கு இங்கிருந்து ரயிலில் போகத் தோதானது குஜராத்தின் கட்ச். புஜ் சுற்றியுள்ள ஜுரா, ஜுமாரா, கீரா குன்றுகளில் ஜுராசிக் கடல் படிவங்கள், அதிலும் தோசா ஊலைட் என்ற அடுக்கு அம்மோனைட்டுக்குப் பேர் போனது. வாகன் (Waagen) என்ற புவியியலாளர் 1870-களிலேயே இந்த அம்மோனைட்டுகளை விவரித்துவிட்டார். ஊருக்குப் போகும்போது பார்க்க வேண்டுமானால் அரியலூர், பெரம்பலூர் பக்கம்: ஜுராசிக்குக்கு அடுத்த கிரெட்டேசியஸ் காலத்துக் கடல் படிவங்கள். காரை களிமண் மேட்டில் ஜிப்சம் தகடுகளுக்கு நடுவே பெலெம்னைட் (கணவாய் போன்ற அழிந்துபோன உயிர்) குச்சிகளும் அம்மோனைட் துண்டுகளும் மழை கழுவி மேலே கிடக்கும். சாத்தனூர் கல்மரம் தேசிய புவியியல் நினைவுச்சின்னம், அங்கே ஒரு சில்லைக்கூடத் தொடக் கூடாது. வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது, அதை முதலில் பாருங்கள், கண் பழகிவிடும். வயலென்றால் நிலத்துக்காரரிடம், சுரங்கமென்றால் நிர்வாகத்திடம் கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். பாறையைக் குடையாமல், உதிர்ந்து கிடப்பதை மட்டும் எடுங்கள்.

எடுத்த இடத்திலேயே ஜி.பி.எஸ். புள்ளி, எந்த அடுக்கு, தேதி மூன்றையும் எழுதி அதே பையில் போடுங்கள். ஊர் தெரியாத அம்மோனைட் ஆய்வுக்கு உதவாது. வீட்டுக்கு வந்ததும் கல்லின் மறைவான ஓரத்தில் பி-72 ஒரு பொட்டு வைத்து, காய்ந்ததும் கறுப்பு மையில் எண், அதன்மேல் இன்னொரு பொட்டு. அதே எண் நோட்டிலும் இருக்கட்டும்.

மாட்டுங்கா_கல்தச்சன்
ஒன்று விட்டுப்போனது. இங்கே பலர் வீட்டுப் பூஜையில் சாளக்கிராமம் இருக்கும், அதுவும் பெரும்பாலும் அம்மோனைட்தான். நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றில் கிடைக்கும் அந்தக் கறுப்புக் கல் உருண்டைகளிலும் பைரைட் இருப்பதுண்டு. அசிட்டோன், ஊசி எதுவும் அதற்கு வேண்டாம். மழைக்காலத்தில் அபிஷேகம் முடிந்ததும் துளைக்குள் தண்ணீர் நிற்காமல் துணித் திரியால் ஒற்றி, நன்றாக உலர்ந்த பிறகு சம்புடத்தை மூடுங்கள்.