நம்ம வீட்டுப் பெண்கள் (வாட்ஸ்அப் குழு)

கலா: அக்கா, தேவிக்கு மாதவிலக்கு வலி தாங்க முடியவில்லை என்று புரசைவாக்கத்தில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனுக்குப் போனோம். பபிள்டாப் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கச் சொன்னார்கள். உள்ளே போனால் "இன்னும் நிறையலம்மா, வெளியே உட்காருங்க". கடைசியில் குடலில் வாயு, இடது சினைப்பை தெரியவில்லை என்கிறார்கள்.

விஜயா அக்கா: அவ்வளவு தண்ணீர் எதற்காம்?

மது: அம்மா, சிறுநீர்ப்பை நிறைந்தால் குடல் மேலே ஒதுங்கும். ஒலி தண்ணீர் வழியாகத் தடையில்லாமல் போகும். வாயு குறுக்கே வந்தால் அங்கேயே திரும்பிவிடும்.

கலா: கருவியை உள்ளே விட்டால் தெளிவாகத் தெரியுமாம். கல்யாணம் ஆகாத பெண், வேண்டாம் என்றேன். அப்படியானால் ஆசனவாய் வழியாகப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். எனக்குக் கைகால் ஓடவில்லை. இப்படியெல்லாம் உண்டா மது?

மது: உண்டு சித்தி. பிறப்புறுப்பு வழியாகப் பார்க்கிற அதே மெல்லிய கருவிதான். உறை போட்டு, ஜெல் தடவி, ஒருக்களித்துப் படுக்க வைத்து மெதுவாக நுழைப்பார்கள். மலக்குடலுக்கு முன்னாலேயே கர்ப்பப்பை இருக்கிறது. கன்னிச்சவ்வு பக்கமே போகாது.

மது: வயிற்றின் மேல் வைக்கும் கருவியின் ஒலி அதிர்வெண் சுமார் 3 முதல் 5 மெகாஹெர்ட்ஸ். ஆழம் போகும், நுணுக்கம் குறையும். இது 5 முதல் 9 வரை. கிட்டத்திலிருந்து பார்ப்பதால் சாக்லேட் கட்டி (சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கிய கட்டி) இருந்தால் பிடிபடும். எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது, கர்ப்பப்பைக்குப் பின்னால் குடலோடு ஒட்டியிருந்தால் அதுவும் தெரியலாம்.

தேவி: வலிக்குமா அக்கா?

மது: மலம் வருகிற மாதிரி அழுத்தம் இருக்கும். வலித்தால் நிறுத்தச் சொல், நிறுத்தியே ஆக வேண்டும். உனக்கு 21 வயது, சம்மதம் சொல்ல வேண்டியது நீதான். சித்தி கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கலா: கோபம் என்னடி. எம்ஆர்ஐ எடுத்தால் போதாதா?

மது: எடுக்கலாம், செலவு அதிகம். இதில் தெரியாவிட்டால் டாக்டரே எழுதுவார்.

விஜயா அக்கா: எனக்கு இருமினால் சிறுநீர் கசிகிறதே, அதற்கும் இதே வழியா? அண்ணன் குரூப்பில் யாரும் ஃபார்வர்டு பண்ணாதீங்க.

மது: இல்லைம்மா, உனக்குப் பார்ப்பதானால் வேறு. உள்ளே விடாமல் கீழே, வெளியில் வைத்தே பார்ப்பார்கள். "இருமுங்க, முக்குங்க" என்பார்கள். சிறுநீர்ப்பை எவ்வளவு இறங்குகிறது என்று அப்போதே திரையில் தெரியும். சினைப்பை அவ்வளவாகத் தெரியாது, அதனால் தேவிக்கு உதவாது. ஆமாம், இதை இவ்வளவு நாள் என்னிடம் சொல்லவே இல்லையே?

விஜயா அக்கா: நீ கேட்டாயா? 😄

தேவி: நான் சரி என்று சொல்லிவிட்டேன். நாளை 10 மணிக்கு. மறுபடியும் தண்ணீரா? வெறும் வயிறா?

மது: தண்ணீர் வேண்டாம், சிறுநீர் கழித்துவிட்டுப் போ. காலையில் வயிறு சுத்தமானால் நல்லது. வெறும் வயிறு பித்தப்பை பார்க்கத்தான், நீ இட்லி சாப்பிடு.

கலா: பெண் டாக்டர் இருப்பாரா என்று நீயே பேசிவிடேன் மது.

மது: நம்பர் அனுப்புங்க சித்தி.