கேஸ் டேங்கர் ஓட்டுநருக்குப் போலீஸ் விசாரணை வேண்டுமா?

கேடிசி நகர்வாசி:
"டேங்கர் ஓட்ட லைசென்ஸ் போதும், போலீஸ் விசாரணை அவமானம்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. அமெரிக்காவில் 2001 தாக்குதலுக்குப் பிறகு சட்டம் போட்டார்கள். 2005 முதல் அபாயச் சரக்கு ஏற்றும் ஓட்டுநரின் கைரேகையை வாங்கிப் பின்னணி பார்க்கிறார்கள். இங்கே நெல்லை மாவட்டத்தில் கங்கைகொண்டான் முதல் காவல்கிணறு வரை ஊர்களை உரசிக்கொண்டு டேங்கர் போகிறது. ஓட்டுகிறவர் மேல் எப்.ஐ.ஆர். இருக்கிறதா என்று யார் பார்த்தது?

பத்துச்சக்கரம்:
எழுதியது நான்தான், என்னிடமே கேட்டிருக்கலாம். எப்.ஐ.ஆர். இருந்தாலே குற்றவாளியா அண்ணாச்சி? நம் பக்கம் கோயில் கொடை விழாவில் தகராறு வந்தால் வேடிக்கை பார்த்தவன் பேரையும் சேர்த்துவிடுவார்கள். வருஷக்கணக்கில் வாய்தாவுக்கு அலைகிறவன் வண்டியும் ஓட்டக் கூடாதா? மத்திய மோட்டார் வாகன விதி 9-ஐப் படியுங்கள். அபாயச் சரக்கு ஏற்றும் ஓட்டுநருக்கு 3 நாள் பயிற்சி வேண்டும், ஓர் இந்திய மொழியோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். 2019 திருத்தப்படி 3 வருஷத்துக்கு ஒருமுறை லைசென்ஸைப் புதுப்பிக்கணும், அதற்கும் நிபந்தனைகள் உண்டு.

கேடிசி நகர்வாசி:
3 நாள் வகுப்பில் ஆளின் குணம் தெரிந்துவிடுமா? எப்.ஐ.ஆர். பார்க்கணுமா, வேண்டாமா?

பத்துச்சக்கரம்:
குணத்தை ஏட்டையா எழுதித் தருவாரோ? 2012 ஆகஸ்டில் கண்ணூர் பக்கம் சாலாவில் டேங்கர் நடுத்தடுப்பில் மோதிக் கவிழ்ந்து, கேஸ் கசிந்து தீப்பிடித்து 20 பேர் செத்தார்கள். எந்த எப்.ஐ.ஆரைப் புரட்டியிருந்தால் அது நின்றிருக்கும்? ராத்திரி முழுக்க ஓட்டவிட்டு, விடிவதற்குள் லோடு இறங்கணும் என்று நெருக்குகிற முதலாளியை விசாரியுங்கள்.

வல்லநாட்டான்:
முதலில் எங்கள் ஊர் தாமிரபரணிப் பாலத்தைச் சரியாகப் போடச் சொல்லுங்கள். அதன் மேல் டேங்கர் போனாலே வயிறு கலங்குது.

பத்துச்சக்கரம்:
டோல்கேட் விவாதத்திலும் நீர் இப்படித்தான் நடுவில் பூந்து பேச்சை மாற்றினீர். மறக்கவில்லை வே.

வல்லநாட்டான்:
அன்றைக்குப் பதில் சொல்ல முடியாமல் ஓடினது யாரு?

கேடிசி நகர்வாசி:
பாலத்தை அப்புறம் பேசலாம். எப்.ஐ.ஆர். இருக்கிறவனிடம் 18 டன் கேஸைக் கொடுப்பீர்களா?

பத்துச்சக்கரம்:
கொடுப்பேன். என் மச்சானுக்கு வழக்கில் விடுதலையே ஆகிவிட்டது. அப்படியும் ஒரு கம்பெனியில் பழைய எப்.ஐ.ஆரைக் காட்டி வேலை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

கேடிசி நகர்வாசி:
ஓ, மச்சானுக்காகத்தான் இத்தனை சத்தமா!

பத்துச்சக்கரம்:
மச்சானுக்காகவும்தான். அதில் எனக்கு வெட்கம் கிடையாது. ஒருநாளாவது லாரி கேபினில் உட்கார்ந்திருக்கிறீர்களா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

கேடிசி நகர்வாசி:
கேள்விக்குப் பதில் வரவில்லை. எப்.ஐ.ஆர். பார்க்கணுமா, வேண்டாமா?