ஏரி மாசை ஊர்மக்களுக்குக் கண்ணால் காட்ட எந்தச் சோதனைகள் சரி? (டி.டி.எஸ். மீட்டர் காலை வாரிவிட்டது)

மதகடி (கேள்வி)

வணக்கம். செங்கல்பட்டுப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியின் பசுமைப் படைக்காகக் கேட்கிறேன். பிப்ரவரி 2, உலக ஈரநில தினத்தன்று ஏரிக்கரையில் அரைநாள் நிகழ்ச்சி. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 40 பேர், கூடவே ஆயக்கட்டு விவசாயிகளும் ஊர்ப் பெண்களும் வருவார்கள். ஏரியின் ஒரு மூலையில், வரத்துக் கால்வாய் வழியாகப் புது நகர்களின் சாக்கடை இறங்குகிறது. அந்தப் பக்கம் ஆகாயத்தாமரை மூடிக்கிடக்கிறது.

சிக்கல் இதுதான்: கையில் இருப்பது ஒரு டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு காட்டும்) மீட்டர். ஏரித் தண்ணீரில் 430 காட்டுகிறது, பள்ளி ஆழ்துளைக் கிணற்றில் 1,150. இதைப் பார்ப்பவர்கள் "அப்போ ஏரித் தண்ணிதானே சுத்தம்?" என்கிறார்கள். பதில் சொல்லத் தெரியும், காட்டத் தெரியவில்லை. 4,000 ரூபாய்க்குள், நம்பிக்கையாக வேலை செய்யும் சோதனைகள் எவை? சுவரொட்டி, ஊர்வலம் எல்லாம் வேண்டாம்.

---

கலங்கல்

சார், மீட்டர் பொய் சொல்லவில்லை. கேள்விதான் தப்பு. அந்த மீட்டர் அளப்பது தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் திறனை மட்டும், அதை 0.5 அல்லது 0.7 போன்ற ஒரு எண்ணால் பெருக்கி உப்பு அளவாகக் காட்டுகிறது. கிருமி, பூச்சிமருந்து, எண்ணெய், கரைந்த ஆக்சிஜன் எதுவும் அதன் கண்ணில் படாது. மழைநீர் தேங்கிய ஏரியில் உப்பு குறைவாகவும், பாறையில் ஊறி வந்த போர் தண்ணீரில் அதிகமாகவும் இருப்பது இயல்பு. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை விரும்பத்தக்கது. வேறு வழி இல்லாதபோது 2,000 வரை ஏற்கலாம்.

மீட்டரைத் தூக்கிப் போட வேண்டாம். ஏரியையும் போரையும் ஒப்பிடாமல், ஏரிக்குள்ளேயே ஒப்பிடுங்கள்: சாக்கடை இறங்கும் வாய், அங்கிருந்து 50 மீட்டர், 200 மீட்டர், கடைசியாக மதகு. சாக்கடை வாயில் எண் ஏறி, விலக விலக இறங்கினால், கழிவு எங்கே நுழைகிறது என்பதை 400 ரூபாய்க் கருவி படமாகப் போட்டுக் கொடுத்துவிடும்.

இன்னொன்று. ஆர்.ஓ. விற்க வருபவர்கள் இரண்டு கம்பிகளைத் தண்ணீரில் விட்டு, தண்ணீர் காவி நிறத்தில் திரள்வதைக் காட்டி "பாருங்க அழுக்கு" என்பார்கள். திரள்வது அழுக்கு அல்ல, கரைந்த இரும்புக் கம்பி. ஆர்.ஓ. நீரில் உப்பு இல்லாததால் மின்சாரம் ஓடாது, கம்பி கரையாது, தண்ணீர் தெளிவாகவே நிற்கும். அதே ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டால் அதுவும் காவியாகும். இதை 9 வோல்ட் பேட்டரியும் துத்தநாகப் பூச்சு இல்லாத இரண்டு ஆணிகளும் வைத்துச் செய்யுங்கள். விற்பனையாளர் கருவி நேரடியாக 230 வோல்ட்டில் ஓடுவது, பிள்ளைகள் பக்கத்திலேயே வரக்கூடாது. ஊர்மக்கள் இந்தக் காட்சியை மறக்க மாட்டார்கள், நீங்களும் மீட்டர் பேச்சிலிருந்து தப்பிப்பீர்கள்.

---

நீர்த்தும்பி

காட்ட வேண்டும் என்றால் மெத்திலீன் ப்ளூ பாட்டிலைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. வண்ணமீன் கடையில் பூஞ்சை மருந்தாகவே விற்கிறார்கள். கழிவுநீர் ஆய்வகங்களில் நீண்ட காலம் புழங்கிய முறை.

வேண்டியவை: மூடி இறுக்கமாக உள்ள 200 மி.லி. கண்ணாடி பாட்டில்கள் மூன்று, ஒளி புகாத அட்டைப்பெட்டி ஒன்று.

முதல் பாட்டிலில் சாக்கடை வாய்த் தண்ணீர். இரண்டாவதில் மதகடித் தண்ணீர். மூன்றாவதில் கொதித்து ஆறிய குழாய்த் தண்ணீர். (கொதிக்க வைக்காமல் விட்டால் குழாயிலுள்ள குளோரினே நீலத்தை வெளுத்துவிடும், கணக்குக் கெடும்.) மூன்றிலும் ஒரே அளவு சாயம்: வெள்ளைத்தாளை பாட்டிலுக்குப் பின்னால் பிடித்தால் வெளிர்நீலமாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஆய்வகக் கணக்கு 150 மி.லி. தண்ணீருக்கு 0.05 சதவீதக் கரைசல் 0.4 மி.லி. பாட்டிலைக் கழுத்து வரை அல்ல, வழிய வழிய நிரப்பி, காற்றுக்குமிழி இல்லாமல் மூடுங்கள். பெட்டிக்குள் வைத்து 4, 8, 24, 48 மணி நேரங்களில் பாருங்கள்.

சாக்கடை பாட்டிலில் உள்ள பாக்டீரியாக்கள் கழிவைத் தின்னும்போது கரைந்த ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். தீர்ந்ததும் சாயத்தையே ஒடுக்கி நிறமற்றதாக்கும். நம் ஊர் வெப்பத்தில் கெட்ட சாக்கடை ஒரு நாளுக்குள் வெளுத்துவிடும். மூன்றாவது பாட்டில் நீலமாகவே நிற்கும். மதகடித் தண்ணீர் இடையில் எங்கே நிற்கிறது என்பதுதான் உங்கள் ஏரியின் நிலை. பாசி மண்டிய தண்ணீரும் இருட்டில் மெல்ல வெளுக்கலாம். பாசி செத்து மக்குவதற்கும் ஆக்சிஜன் செலவாகிறது, அதையும் சொல்லுங்கள்.

கூட்டத்தின் முன் செய்ய வேண்டிய கடைசி வேலை: வெளுத்த பாட்டிலில் பாதியைக் கொட்டிவிட்டு, மூடி, குலுக்குங்கள். காற்று கலந்ததும் நீலம் திரும்பி வரும். "ஆக்சிஜன்தான் போயிருந்தது" என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்பே தொடங்கிவிடுங்கள். கரையில் வந்து தொடங்கினால் எல்லாரும் நீலத் தண்ணீரைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

---

சேற்றுக்கெண்டை

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன்: நேரம். ஏரியில் பகல் 11 மணிக்கு ஆக்சிஜன் அளந்தால் எந்தக் கெட்ட ஏரியும் நல்ல ஏரிதான். பாசி வெயிலில் ஆக்சிஜனைக் கொட்டுகிறது. 30 டிகிரியில் காற்றோடு சமநிலையில் உள்ள தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம்தான் பிடிக்கும். பாசி மண்டிய ஏரியில் மதியம் அதையும் தாண்டும். ராத்திரி அதே பாசி மூச்சுவிட்டு எல்லாவற்றையும் திருப்பி எடுத்துக்கொள்ளும். மீன் செத்து மிதப்பது விடியற்காலையில் என்பதற்கு இதுதான் காரணம். யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்று ஊர் சண்டை போடும்முன் இதைச் சொல்லிக்கொடுத்தால் புண்ணியம். மீன்வளத்துக்கான தண்ணீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரையறை குறைந்தது 4 மில்லிகிராம்.

பள்ளி வேதியியல் ஆய்வகத்திலேயே இதைக் காட்டலாம். கரைந்த ஆக்சிஜனை அளக்கும் விங்க்ளர் முறையின் முதல் பாதி போதும், டைட்ரேஷன் தேவையில்லை.

கரைசல் ஒன்று: மாங்கனஸ் சல்பேட் 36.4 கிராம், 100 மி.லி. தண்ணீரில். கரைசல் இரண்டு: சோடியம் ஹைட்ராக்சைடு 50 கிராம், பொட்டாசியம் அயோடைடு 15 கிராம், 100 மி.லி. ஆகும்வரை காய்ச்சி வடித்த நீர். இரண்டாவது தோலை அரிக்கும். கலக்கும்போது கொதிக்கிற அளவு சூடாகும். ஆகவே பெரியவர் மட்டும், கையுறை, கண்ணாடியோடு, ஹைட்ராக்சைடைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் போட வேண்டும். தண்ணீரை ஹைட்ராக்சைடு மேல் ஊற்றக் கூடாது.

300 மி.லி. பாட்டிலை நீருக்கடியில் சாய்த்து, குமிழி இல்லாமல் நிரப்புங்கள். முதல் கரைசல் 1 மி.லி., அடுத்து இரண்டாவது 1 மி.லி., சிரிஞ்ச் முனை தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். மூடித் தலைகீழாகப் புரட்டுங்கள். ஆக்சிஜன் இருந்தால் காப்பிக்கொட்டை நிறத்தில் வீழ்படிவு, இல்லாவிட்டால் வெள்ளை. காலை 5:30-க்கு எடுத்ததையும் மதியம் 2 மணிக்கு எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நிகழ்ச்சி காலையில் என்றால் மதிய பாட்டிலை முந்தைய நாளே எடுத்து, படிவு விழச் செய்து, இருட்டில் வையுங்கள். நிறம் எடுத்த அன்றே படமும் பிடித்துவிடுங்கள். எப்போதும் நடக்கும் தப்பு: மூடிக்கடியில் பட்டாணி அளவு குமிழி. கெட்ட தண்ணீரும் அதனாலேயே பழுப்பாகும்.

---

மதகடி

மிக்க நன்றி. (சார் இல்லை, டீச்சர்.) ஒரு சந்தேகம். நீலச் சோதனையை ஒத்திகை பார்த்ததில் சாக்கடை பாட்டில் இரண்டு நாளாகியும் வெளுக்கவில்லை. 15 சொட்டு விட்டோம், நல்ல கருநீலம். பாட்டிலில் விரற்கடை அளவு காலி. தண்ணீர் எடுத்தது மழைக்கு மறுநாள்.

---

நீர்த்தும்பி

டீச்சர், மூன்றும் குற்றவாளிகள். காலி இடத்துக் காற்றிலிருந்து ஆக்சிஜன் திரும்பத் திரும்பக் கரைகிறது. ஒரு விரற்கடை போதும் நாள்கணக்கில் தாக்குப்பிடிக்க. சாயம் அதிகமானால் வெளுக்க அதிக நேரம், அடர்த்தியில் பாக்டீரியாவும் சுணங்கும். மழைக்கு மறுநாள் சாக்கடை நீர்த்துப் போயிருக்கும். மூன்று வறண்ட நாள்கள் கழித்து, காலை 8 மணி வாக்கில், வீடுகளில் குளியலும் கக்கூஸும் ஓடும் நேரத்தில் எடுங்கள். சாயம் 2 சொட்டில் தொடங்குங்கள்.

---

கலங்கல்

ஆகாயத்தாமரை ஏன் வந்தது என்று கட்டாயம் கேட்பார்கள். அதற்கு உர பாட்டில். 1973-ல் கனடாவின் ஒண்டாரியோவில் டேவிட் ஷிண்ட்லர் குழு 226-ஆம் எண் ஏரியைத் திரை போட்டு இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதியில் கரிமமும் நைட்ரஜனும், மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் போட்டார்கள். பாஸ்பரஸ் பாதி மட்டும் பச்சையாகத் திரண்டது. அதை நீங்கள் மூன்று பாட்டிலில் செய்யலாம்.

5 கிராம் டி.ஏ.பி. (பாஸ்பரஸ் உரம்) எடுத்து இடித்து 1 லிட்டரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, தெளிந்த மேல்நீரை எடுங்கள். தனியாக 5 கிராம் யூரியா, 1 லிட்டரில். ஏரி நடுத்தண்ணீரை நான்காக மடித்த வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர்ப்பேன்கள் பாசியைத் தின்று சோதனையைக் கெடுத்துவிடும். லிட்டர் பாட்டில் ஒன்றில் வெறும் தண்ணீர். இரண்டில் யூரியாக் கரைசல் 1 மி.லி.; மூன்றில் யூரியா 1 மி.லி., டி.ஏ.பி. 1 மி.லி. அந்த 1 மி.லி. டி.ஏ.பி. ஒரு லிட்டரில் ஏறக்குறைய 1 மில்லிகிராம் பாஸ்பரஸ் சேர்க்கிறது. மூடியைத் தளர்த்தி, நேர்வெயில் படாத ஜன்னலோரம், 10 முதல் 14 நாள்.

உங்கள் ஏரியில் வேறு மாதிரி நடக்கலாம். இரண்டாம் பாட்டிலும் பச்சையானால், பாஸ்பரஸ் ஏற்கெனவே தேவைக்கு மேல் கிடக்கிறது என்று பொருள். சாக்கடை விழும் ஏரியில் அதைத்தான் எதிர்பார்க்கிறேன். சோதனை தோற்றுவிட்டது என்று மறைக்காதீர்கள்.

மனித மலமூத்திரத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 1 கிராம் பாஸ்பரஸ் என்று குறைவாகவே வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் சேர்ந்தாலே ஏரி பாசி மண்டும் நிலைக்குப் போகும். அதாவது ஒரு ஆளின் ஒரு நாள் கழிவு, சுத்திகரிக்காமல் வந்தால், 10,000 லிட்டரைக் கெடுக்கப் போதும். "ஒரு தண்ணி லாரி" என்று சொல்லுங்கள், விவசாயிக்குப் புரியும்.

---

வேலம்பாசி

எச்2எஸ் பாட்டிலை யாரும் சொல்லவில்லையே. குவாலியரில் மஞ்சா குழு 1982-ல் கொண்டுவந்த முறை. தண்ணீரைக் குறியிட்ட கோடு வரை ஊற்றி 30 முதல் 37 டிகிரியில் வைத்தால், மலக்கிருமி இருந்தால் 24 முதல் 48 மணி நேரத்தில் கறுக்கும். மலிவு, சுலபம்.

---

சேற்றுக்கெண்டை

ஏரிக்கு வேண்டாம் என்பது என் கருத்து. மாடு குளிக்கும், கொக்கு உட்காரும் எந்த ஏரியும் கறுக்கும். சாக்கடை வாயும் கறுப்பு, மதகும் கறுப்பு. வேறுபாடு தெரியாத சோதனை எதற்கு? அதை வீட்டுக் குடத்துக்கு வையுங்கள்: கைபம்பு நீர், அதையே கொதிக்க வைத்தது, குடத்தில் கைவிட்டு மொண்டது. முடிந்ததும் ஒவ்வொரு பாட்டிலிலும் பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றி ஒரு மணி நேரம் கழித்துக் கக்கூஸில் கொட்டுங்கள். பிள்ளைகள் கையில் திறக்க விடாதீர்கள்.

தெளிவு அளக்கச் செக்கி தட்டு செய்யலாம்: 20 செ.மீ. வட்டத்தகடு, கால் கால் பாகமாக மங்கல் கறுப்பு வெள்ளை பெயின்ட், கீழே அரைக் கிலோ எடை, 10 செ.மீ.க்கு ஒரு குறியிட்ட நைலான் கயிறு. முடிச்சுப் போட்டு அளவு வைத்தால் நீளம் குறையும், மார்க்கரால் கோடு போடுங்கள். இறக்கும்போது மறையும் ஆழம், ஏற்றும்போது தெரியும் ஆழம், இரண்டின் சராசரி. 10 மணிக்கும் 2 மணிக்கும் இடையில், நிழல் பக்கமாக. தண்ணீர் கலங்கல் செம்மண்ணாலா பாசியாலா என்று வெள்ளைத்துணியில் வடித்துப் பாருங்கள். மண் கலங்கலைப் பார்த்து மாசு என்று சொல்லிவிடக் கூடாது.

தண்ணீர் எடுப்பதைப் பெரியவர்கள் மதகுப் படியிலிருந்து கயிறு கட்டிய வாளியில் செய்யட்டும். சாக்கடை வாயில் புண் உள்ள காலோடு யாரும் இறங்கக் கூடாது, எலிக்காய்ச்சல் பயம். மதகை ஒட்டி ஆழம் எப்போதும் அதிகம்.

---

மதகடி

கடைசியாக ஒன்று. முடிவுகளை யாரிடம் கொடுப்பது?

---

கலங்கல்

ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் ஏரி நீர்வளத்துறையுடையது, குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியத்துடையது. முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் மனு இரண்டு அலுவலகத்துக்கும் இடையில் நடக்கும். சாக்கடைப் புகார் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு. உங்கள் பாட்டில் சோதனைகள் சான்று ஆகாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டி, சாக்கடை வாயில் ஒன்றும் மதகில் ஒன்றுமாக இரண்டு மாதிரிகளைக் கொடுங்கள். எடுத்த இடம், தேதி, மணி, முந்தைய மூன்று நாளில் மழை உண்டா இல்லையா என்பதை பாட்டில் மேலேயே எழுதி ஒட்டுங்கள். அந்த அறிக்கையை மனுவோடு இணையுங்கள்.