மனநல ஓபி: அகலக்கால் வைக்காமல் அடுத்த ஊருக்குப் போவது எப்படி?

எண்ணூர்_நெடுஞ்சாலை:

வணக்கம். திருவொற்றியூர் பக்கம் ஒரு சின்ன டிரஸ்ட் மனநல ஓபி நடத்துகிறது. பகுதிநேர மனநல மருத்துவர் ஒருவர், மனநல சமூகப்பணியாளர் ஒருவர், ஒரு நர்ஸ், இரண்டு களப்பணியாளர்கள். வருபவர்களில் பெரும்பாலோருக்கு ஸ்கிசோஃப்ரினியா, பைபோலார், கடுமையான மனச்சோர்வு. மாத்திரை இலவசம்.

இப்போது ஒரு கம்பெனியின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு நிதி) பணம் வருகிறது. மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி மூன்று ஊரிலும் ஒரே சமயத்தில் ஓபி தொடங்க வேண்டும், வருஷக் கடைசியில் கேம்ப் எண்ணிக்கையும் "பயனாளிகள்" எண்ணிக்கையும் காட்ட வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. டிரஸ்டிகளில் ஒருவர், கையோடு பத்துப் படுக்கை போட்டு ஒரு தங்கும் இல்லமும் தொடங்கிவிடலாம் என்கிறார்.

ஆள், மருந்து, பதிவு, பணம் எல்லாவற்றிலும் எதை முதலில் சரிசெய்ய வேண்டும்? இப்படி விரிந்த அமைப்புகள் பொதுவாக எங்கே உடைகின்றன?

ஓபி_சீட்டு:

சார், உடைவது மருத்துவரின் நேரத்தில்தான். கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஒரு ஊரில் மாதம் இரண்டு ஓபி, காலை 9.30 முதல் 1.30 வரை என்று வையுங்கள். கையில் 240 நிமிஷம். புதிதாக வருபவருக்கு 40 நிமிஷமாவது வேண்டும். வீட்டாரிடம் தனியாகவும் பேச வேண்டுமே. மூன்று புதியவர்களுக்கு 120 நிமிஷம் போனால், மீதியில் பத்து நிமிஷத்துக்கு ஒருவராகப் பழையவர்கள் 12 பேர். ஆக மாதத்துக்குப் புதியவர் 6, பழையவர் 24. மாதாமாதம் எல்லோரையும் மருத்துவரே பார்ப்பது என்று வைத்தால், நாலு மாதத்தில் பழையவர் இடம் நிரம்பிவிடும். அதற்கு மேல் ஆள் சேரச் சேரப் பத்து நிமிஷம் ஐந்தாகும், அப்புறம் "அதே மாத்திரை, அடுத்த மாசம் வாங்க" என்று மூன்றாகும். கை நடுக்கம், எடை கூடுதல், மாதவிடாய் நின்றுபோனது என்று மருந்தின் பக்கவிளைவு எதுவும் அந்த மூன்று நிமிஷத்தில் வெளியே வராது. ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவார்கள். சீட்டில் மட்டும் "பயனாளி" ஏறிக்கொண்டே இருப்பார்!

இதற்கு வழி, மூன்று மாதம் நிலையாக இருப்பவரை நர்ஸ் பார்க்கும் வரிசைக்கு மாற்றுவது. மருத்துவர் அவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். அதே 24 இடத்தில் 72 பேரைத் தாங்கலாம். நர்ஸ் கேட்க வேண்டியவற்றை ஒரே தாளில் அச்சடித்துவிடுங்கள்: தூக்கம், சாப்பாடு, குளியல், வேலைக்குப் போனாரா, காதில் குரல், சந்தேகம், சாக வேண்டும் என்ற எண்ணம், கைகால் இறுக்கம், எடை, விட்டுப்போன மாத்திரை எத்தனை. இதில் எந்தப் பதில் வந்தால் அன்றே மருத்துவருக்கு போன் போட வேண்டும் என்பதும் அதே தாளில் இருக்கட்டும். அது நர்ஸின் ஊகத்துக்கு விடும் விஷயமில்லை.

அடுத்தது வராதவர்கள் பட்டியல். எந்த ஓபியிலும் முதலில் திறக்க வேண்டிய ரெஜிஸ்டர் இதுதான். தேதி தவறி ஏழாவது நாள் போன், பதினாலாவது நாள் வீட்டுக்கு ஆள். டெப்போ ஊசி (வாரக்கணக்கில் உடம்பில் நின்று வேலை செய்யும் ஊசி) போடுபவராக இருந்தால் மூன்றாவது நாளே போன். ஒரு களப்பணியாளரிடம் 40, 50 வீட்டுக்கு மேல் கொடுத்தால், "வீடு பூட்டியிருந்தது" என்ற குறிப்புதான் நிறைய வரும்.

மூன்று ஊரும் ஒரே நேரத்தில் என்பதற்கு என் பதில்: வேண்டாம். மீஞ்சூரில் மட்டும் தொடங்குங்கள். கும்மிடிப்பூண்டி ரயில் மார்க்கத்தில் உங்களுக்குக் கிட்டத்தில் இருப்பது அது. இப்போதே திருவொற்றியூருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருபவர்களை அங்கே மாற்றினால் முதல் நாளே பழைய கேஸ் இருக்கும், புதிய இடத்தில் வெறும் மேஜை போட்டு உட்கார வேண்டியதில்லை. பதிவானவர்களில் நூற்றுக்கு எழுபது பேராவது ஆறு மாதம் கழித்தும் மருந்தில் இருந்தால் பொன்னேரிக்குப் போங்கள். எழுபது என்பது நான் போடும் கோடு. உங்கள் மருத்துவர் வேறு கோடு போடலாம். கோடு இல்லாமல் போகாதீர்கள்.

மருந்தறை:

மேலே சொன்ன நர்ஸ் வரிசையில் ஒரு சிக்கல் உண்டு. மருத்துவர் தன் நோயாளிக்குத் தானே மருந்து கொடுக்கச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. அவர் இல்லாத நாளில் அலமாரியைத் திறந்து நர்ஸ் கொடுப்பது அதில் வராது. பதிவுபெற்ற மருந்தாளுநரும் மருந்து உரிமமும் வேண்டும். முதல் ஆளாக எடுக்க வேண்டியவர் பகுதிநேர மருந்தாளுநர்தான். பலரும் கடைசியில்தான் எடுக்கிறார்கள். டயஸெபாம், அல்பிரசோலம், சோல்பிடெம் போன்றவை அட்டவணை எச்1, அதாவது கூடுதல் கட்டுப்பாடுள்ள மருந்துப் பட்டியல். எழுதியவர், வாங்கியவர், மருந்து, எண்ணிக்கை நான்கும் தனி ரெஜிஸ்டரில் ஏற்றி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும்.

ஸ்டாக்: ஒரு மாதத் தேவையைப் போல் மூன்று மடங்கு. 60 பேர் ரிஸ்பெரிடோன் (ஸ்கிசோஃப்ரினியா மாத்திரை) நாளுக்கு 4 மி.கி. எடுத்தால், 2 மி.கி. மாத்திரையில் மாதம் 3,600, கையிருப்பு 10,800. ஏன் இவ்வளவு என்றால், சப்ளை தடங்கும்போதுதான் பிராண்டும் வீரியமும் மாறுகின்றன. நம் ஆட்கள் மாத்திரையை மில்லிகிராமில் எண்ணுவதில்லை, "ராத்திரி ரெண்டு" என்றுதான் எண்ணுவார்கள். 2 மி.கி. அட்டைக்குப் பதில் 4 மி.கி. அட்டை போனால், அதே "ராத்திரி ரெண்டு" 8 மி.கி. ஆகிவிடும். நாலைந்து நாளில் கழுத்து இறுகி, வாயில் எச்சில் வழிந்து, "இந்த மருந்தே வேணாம்" என்று நிறுத்திவிடுவார்கள். ஒரு மருந்துக்கு ஒரே வீரியம் என்று முடிவு செய்துவிட்டு மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் பழைய அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுங்கள்.

பைபோலாருக்கு லித்தியம் கொடுக்கும் ஓபி என்றால் லேபையும் கூட்டிக்கொண்டுதான் விரிய வேண்டும். கடைசி டோஸுக்குப் பிறகு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். ராத்திரி 9 மணிக்கு மாத்திரை என்றால் காலை 9 மணிக்கு ரத்தம், காலை டோஸ் அதற்கப்புறம். டோஸ் மாற்றினால் ஐந்து முதல் ஏழு நாளில் மறுபடி பார்க்க வேண்டும். பச்சை மூடிக் குழாயில் லித்தியம் ஹெப்பாரின் இருக்கும். அதில் எடுத்தால் அளவு பொய்யாக ஏறிக் காட்டும். லேப் பையனுக்கு இதை எழுதியே கொடுங்கள். கிரியாட்டினினும் தைராய்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. மூட்டுவலிக்கு மெடிக்கலில் வாங்கும் டைக்லோஃபெனாக், இபுபுரூஃபன் இரண்டும் லித்தியத்தை ஏற்றிவிடும். பேதி, வாந்தி, நல்ல வெயிலில் வேலை இவையும் அப்படித்தான். கை பலமாக நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது, நடை தள்ளாடுகிறது என்றால் அடுத்த மாத்திரையை நிறுத்தி அன்றே ஸ்டான்லி ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டிக்கு அனுப்புங்கள்.

வெள்ளணுவைக் குறைத்துவிடக்கூடிய மருந்து குளோசபைன், அதை இப்போதைக்குப் புது ஊரில் தொடங்காதீர்கள். முதல் 18 வாரம் வாராவாரம் வெள்ளணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். காய்ச்சல், தொண்டை வலி வந்தால் அன்றே பார்க்க வேண்டும். லேப் ரிப்போர்ட் மூன்று நாள் கழித்து வரும் ஊரில் இது நடக்காத காரியம். பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு கருவைப் பாதிக்கும் வால்ப்ரோயேட் எழுதும் பழக்கம் இருந்தால் அதையும் இந்தச் சாக்கில் நிறுத்திவிடுங்கள்.

ஃப்ளூஃபெனசின் டெப்போ எண்ணெய் ஊசி. சிரிஞ்சும் ஊசியும் ஈரமில்லாமல் இருக்க வேண்டும், ஈரம் பட்டால் மருந்து கலங்கும். 21 கேஜைவிட மெல்லிய ஊசியில் இறங்காது. இந்த முறை வலது பிட்டம் என்றால் அடுத்த முறை இடது. எது என்று சீட்டில் குறியுங்கள்.

மழைக்காலம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எண்ணூர், மணலி பக்கம் என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரியும். அக்டோபர் கடைசியிலிருந்து நாலு வார மருந்துக்குப் பதில் ஆறு வாரம் கொடுங்கள். தற்கொலை எண்ணம் உள்ளவர்களுக்கு மட்டும் இது கூடாது. அமிட்ரிப்டிலினும் (மனச்சோர்வு மாத்திரை) லித்தியமும் மொத்தமாகக் கையில் இருப்பதே அவர்களுக்கு ஆபத்து. வாராவாரம், வீட்டில் பொறுப்பான ஒருவர் கையில் கொடுங்கள்.

பிரிவு_65:

பத்துப் படுக்கை என்று சொன்ன டிரஸ்டியை முதலில் உட்கார வைத்துப் பேசுங்கள். வெறும் ஓபிக்கு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் கீழ் பதிவு தேவையில்லை. தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின் பதிவு போதும். ஒரு ராத்திரி ஒருவரைத் தங்க வைத்தாலும் அது மனநல நிறுவனம். பிரிவு 65-இன்படி மாநில மனநல ஆணையத்தில் பதிவு இல்லாமல் நடத்த முடியாது. மறுவாழ்வு இல்லம், ஹோம் என்று என்ன பெயர் வைத்தாலும் அதே கதைதான். தற்காலிகப் பதிவை ஆய்வு இல்லாமல் பத்து நாளில் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, ஆனால் அது 12 மாதத்துக்குத்தான். அதற்குள் குறைந்தபட்ச தரங்களை எட்டியிருக்க வேண்டும்.

அப்புறம் காகித வேலை. தானாக வந்து சேர்பவர் பிரிவு 86. மறுப்பவரை நியமனப் பிரதிநிதி (நோயாளி சார்பில் முடிவெடுக்கச் சட்டப்படி நியமிக்கப்பட்டவர்) கேட்டுக்கொண்டதன் பேரில் சேர்ப்பது பிரிவு 89: அதிகபட்சம் 30 நாள், பெண் என்றால் மூன்று நாளுக்குள்ளும் ஆண் என்றால் ஏழு நாளுக்குள்ளும் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். சங்கிலி எந்த வடிவத்திலும் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் கட்டிப்போட்ட நிலையில் 28 பேர் எரிந்துபோன மாநிலம் இது. ஆய்வுக்கு வருபவர்கள் இந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது.

தெருவில் இருப்பவரைக் கூட்டிவந்து படுக்கையில் போடும் எண்ணமும் வேண்டாம். அது பிரிவு 100, போலீஸ் பொறுப்பு. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது.

பணத்துக்கு வருகிறேன். 12ஏ, 80ஜி (இரண்டும் வருமான வரிச் சலுகைக்கு), சிஎஸ்ஆர்-1 (கம்பெனிப் பணம் வாங்க) பதிவு மூன்றும் இருக்கிறதா பாருங்கள். சிஎஸ்ஆரில் "தொடரும் திட்டம்" என்பது தொடங்கிய நிதியாண்டைத் தவிர்த்து மூன்று வருஷம்தான். ஸ்கிசோஃப்ரினியா மூன்று வருஷத்தில் முடிகிற சமாசாரமா? ஒப்பந்தத்தில் கேம்ப் எண்ணிக்கைக்குப் பதிலாக "ஆறு மாதம் தொடர்ந்து சிகிச்சையில் இருப்பவர்" என்று எழுதச் சொல்லுங்கள். சம்மதிக்காவிட்டால் வேனுக்கும் கம்ப்யூட்டருக்கும் மட்டும் அவர்கள் பணத்தை வாங்குங்கள். சம்பளத்தையும் மாத்திரையையும் அதில் தொங்கவிடாதீர்கள். ஆறு மாதச் சம்பளமும் மருந்துச் செலவும் தனியாக ஒதுக்கி வைத்த பிறகு அடுத்த ஊர். வெளிநாட்டுப் பணம் இருந்தால், 2020 திருத்தத்துக்குப் பிறகு வேறு அமைப்புக்கு அதைக் கைமாற்ற முடியாது, நிர்வாகச் செலவு 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது.

வால்டாக்ஸ்_ரோடு:

எல்லாம் சரி. ஆனால் யாரும் அரசாங்கத்தைப் பற்றிப் பேசவில்லையே? மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் எந்தக் கிழமை எந்த அரசு மருத்துவமனைக்கு வருகிறார் என்று திருவள்ளூரில் கேளுங்கள். அவர் வரும் ஊரில் நீங்களும் ஓபி போடுவது வீண். அங்கே உங்கள் களப்பணியாளரை உட்கார வையுங்கள். மருந்தும் மருத்துவரும் அரசாங்கம், தேடிப்போய் வீட்டுக் கதவைத் தட்டுவது நீங்கள். இதைவிடச் சிக்கனமான விரிவாக்கம் கிடையாது.

சென்னையில் பெரிதாக வளர்ந்த இரண்டும் ஒவ்வொரு விதம். 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பு ஸ்கிசோஃப்ரினியா என்ற ஒரே நோயைப் பிடித்துக்கொண்டு ஆராய்ச்சி, பயிற்சி என்று வளர்ந்தது. புதுக்கோட்டை கிராமங்களுக்கு 2010 வாக்கில் போனபோது, ஒரு பஸ்ஸுக்குள்ளேயே காணொளி அறையும் மருந்தும் வைத்து, மருத்துவரைச் சென்னையிலிருந்தே பேச வைத்தது. 1993-இல் வீடற்ற பெண்களுக்கான புகலிடமாகத் தொடங்கிய பேன்யன், 2015-லிருந்து பழையவர்களை நாலைந்து பேராக வாடகை வீடுகளில் சாதாரணத் தெருக்களில் குடியமர்த்துகிறது. உங்கள் டிரஸ்டிக்குப் படுக்கைதான் வேண்டுமென்றால் இதைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

எண்ணூர்_நெடுஞ்சாலை:

எல்லோருக்கும் நன்றி. மீஞ்சூர் மட்டும் என்று டிரஸ்டில் பேசுகிறேன். களப்பணியாளர்களை உள்ளூரிலேயே எடுக்கலாமா? அக்கம்பக்கத்தில் விஷயம் பரவிவிடும் என்று சில குடும்பங்கள் பயப்படுகின்றன.

ஓபி_சீட்டு:

உள்ளூர் ஆள்தான் வேண்டும், ஆனால் அதே தெரு ஆள் வேண்டாம். மீஞ்சூர்காரரை அத்திப்பட்டுக்கும், அத்திப்பட்டுக்காரரை மீஞ்சூருக்கும் அனுப்புங்கள். டிரஸ்ட் பெயர் எழுதிய வேனை வாசலில் நிறுத்தாதீர்கள். முதல் ஓபியிலேயே கேட்டுச் சீட்டில் எழுதுங்கள்: வீட்டுக்கு வரலாமா, எந்த நேரம், யார் நம்பருக்கு போன் போடலாம், பக்கத்து வீட்டார் கேட்டால் என்ன சொல்ல வேண்டும். "சுகர், பிரஷர் பார்க்க வந்தோம்" என்று சொல்லச் சொல்லும் குடும்பங்கள் உண்டு. அப்படியென்றால் கையில் பிபி மெஷின் இருக்கட்டும், நிஜமாகவே பாருங்கள். ஓலன்சபைன் மாத்திரை எடுப்பவருக்கு அந்தச் சோதனை எப்படியும் வேண்டியதுதான்.

வாட்ஸ்அப் குழுவில் பெயரோ போட்டோவோ போடக் கூடாது, சீட்டு எண் மட்டும். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் பிரிவு 23 ரகசியம் காப்பதைக் கட்டாயமாக்குகிறது. கம்பெனிக்காரர்கள் அறிக்கைக்கு முகம் தெரியும் போட்டோ கேட்பார்கள். கட்டடத்தையும் மருந்து அலமாரியையும் படம் எடுத்து அனுப்புங்கள்.