பதினெட்டு வருஷம் ஓட்டிட்டு, பைக் ஓட்டக் கத்துக்கப் போனேன்

"முன் பிரேக்கப் புடிச்சே, குப்புற விழுவே." ஸ்ப்ளெண்டர் சாவியை முதல்முதலா என் கையில கொடுத்தப்ப அப்பா சொன்னது. பதினெட்டு வருஷமா அதை வேதவாக்கா எடுத்துக்கிட்டுத்தான் ஓட்டியிருக்கேன்.

போன மாசம் சென்னை பக்கத்துல இருக்குற இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்ல ஒருநாள் அட்வான்ஸ்டு ரைடிங் கிளாஸ். 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. வாடகை லெதர் சூட்டுக்குள்ள பதினோரு மணிக்கே இட்லி வேகும். அதை விடுங்க.

முதல்ல பிரேக். அஞ்சு மீட்டருக்கு ஒரு கோன் வெச்சிருந்தாங்க. 60ல வந்து, முதல் கோனைத் தாண்டினதும் பிடிக்கணும். என்னோடது 2019க்கு முன்னாடி வாங்கின பல்சர், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்காம தடுக்குற ஏபிஎஸ் கிடையாது. பழக்க தோஷம், பின் பிரேக்கை ஏறி மிதிச்சேன். டயர் கிறீச்சுனு கத்த, வண்டி வால் ஆட்டிக்கிட்டே எட்டாவது கோன் தாண்டிப் போய்த்தான் நின்னுச்சு. ரோட்டுல கறுப்பா ஒரு நீளக் கோடு. பயிற்சியாளர் அந்தக் கோட்டை மட்டும் விரலால காட்டிட்டுப் போயிட்டார்.

அப்புறம்தான் விளக்கம். பிரேக் பிடிச்சதும் எடை முன்பக்கம் சாயுது. பின் சக்கரம் லேசாயிடுது, அதோட பிடிமானம் குறைஞ்சிடுது. நிறுத்துற வேலையில பெரும்பங்கு முன் சக்கரத்தோடது. குப்புற விழறது லீவரை வெடுக்குனு இழுக்குறவன்தான். ரெண்டு விரல், எலுமிச்சம்பழம் பிழியுற மாதிரி மெல்ல ஆரம்பிச்சு அழுத்தத்தைக் கூட்டிக்கிட்டே போகணும். முழங்கால் டேங்கை இறுக்கிப் பிடிக்கணும். பத்துப் பதினஞ்சு தடவைக்கு அப்புறம் அஞ்சாவது கோனுக்குள்ள நின்னேன். அதே வண்டி, அதே டயர்.

மத்தியானம் ஸ்பீடோமீட்டர் மேல டேப் ஒட்டிட்டு வளைவுக்கு அனுப்பினாங்க. இடது பக்கம் திரும்ப இடது கைப்பிடியை முன்னால தள்ளணும்னு சொன்னப்ப சிரிச்சேன். தள்ளிப் பார்த்தா வண்டி அப்படியே சாயுது! இத்தனை வருஷமா தெரியாமலே அதைத்தான் பண்ணிட்டிருந்திருக்கேன்.

அடுத்த ஞாயிறு அப்பாவோட ஸ்ப்ளெண்டர்ல முன் பிரேக்கைப் பிடிச்சுப் பார்த்தேன். லீவர் தடையே இல்லாம கைப்பிடி வரைக்கும் வந்து ஒட்டிக்கிச்சு. யாரும் தொடாத கேபிளை எந்த மெக்கானிக் டைட் பண்ணப் போறார்?

*

நான் வேற ஆளு, கோயமுத்தூருங்க. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 ஓட்டறேன், வண்டி 195 கிலோ. எனக்குப் பயமே வேகத்துல இல்ல, யூ டர்ன்லதான். வகுப்புல பாதி நாள் நடக்கற வேகத்துலயே ஓட்ட வெச்சாங்க. கிளட்ச் பாதி, பின் பிரேக் லேசா, அந்த வேகத்துல முன் பிரேக்கைத் தொடவே கூடாது (மேல எழுதினவர் கோவிச்சுக்க வேண்டாம்!), தலையைத் திருப்பி எங்க போகணுமோ அங்க பார்க்கணும். நான் கீழ இருந்த கோனைப் பார்த்தேன், நேரா அது மேலயே போனேன். மூணு தடவை சாய்ச்சேன்.

அதனால தூக்கவும் சொல்லிக் குடுத்தாங்க. வலது பக்கம் விழுந்திருந்தா முதல்லயே சைடு ஸ்டாண்டை இறக்கி, கியர் போட்டுடணும். ஹேண்டிலை முழுசா திருப்பி, சீட்டுக்கு முதுகு காட்டி உக்காந்து, ஒரு கையில ஹேண்டில், ஒரு கையில பின்னாடி கம்பி. காலை ஊணி, பின்னாலயே சின்னச் சின்ன அடியா நடந்தா எந்திரிச்சிருதுங்க. உதவிக்கு ஓடி வந்த அண்ணாக்கள் அப்படியே நின்னுட்டாங்க.

*

நான் மூணாவது ஆளு, நானும் இப்படி ஒரு வகுப்புக்குப் போனவன்தான். டிராக்ல கத்துக்கிட்ட எல்லாத்தையும் ரோட்டுக்குக் கொண்டுவராதீங்க. வகுப்பு முடிஞ்ச ஜோர்ல நான் கொல்லிமலை போனேன், 70 கொண்டை ஊசி. டிராக்ல சொன்ன மாதிரியே வளைவோட வெளிவிளிம்புல இருந்து உள்விளிம்பைத் தொட்டு, மறுபடி வெளிவிளிம்புக்கு வந்தேன். வலது வளைவுல உள்விளிம்புன்னா நடுக்கோடுதான். வண்டி நம்ம பக்கம் இருந்தாலும், சாஞ்ச தலை எதிர்ப்பக்கம் நீட்டிக்கிட்டிருக்கும். அப்பப் பார்த்து மேலருந்து பஸ் இறங்குது. டிரைவர் முழு வளைவையும் எடுத்துத்தானே திருப்ப முடியும்? ஹாரன் என் ஹெல்மெட்டுக்குள்ளயே அடிச்ச மாதிரி இருந்துச்சு.

இப்பல்லாம் வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சு, இடது ஓரமாவே ஓட்டி, அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரிஞ்ச பிறகுதான் சாய்க்கிறேன். கூட வர்ற பசங்க கிண்டல் பண்றாங்க, அடிவாரத்து டீக்கடைக்கு நான்தான் கடைசியா வந்து சேர்றேன்.