கலிஃபோர்னியா வேலையின்மை உதவித்தொகை: மார்ச் மாத விண்ணப்பத்தை ரத்து செய்து ஏப்ரலில் மீண்டும் விண்ணப்பிக்க முடியுமா?

வணக்கம். கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் ஒரு சிறிய கணக்கியல் அலுவலகத்தில் பணியாற்றிவந்த எனக்கு, ஆள்குறைப்பு காரணமாக 2025 மார்ச் 14 அன்று வேலை போய்விட்டது. பதற்றத்தில் மார்ச் 17 அன்றே மாநில வேலையின்மை உதவித்தொகைக்கு விண்ணப்பித்துவிட்டேன். சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

மார்ச்சில் விண்ணப்பிப்பவர்களுக்கு 2023 அக்டோபர் முதல் 2024 செப்டம்பர் வரையிலான நான்கு காலாண்டுகளின் ஊதியத்தையே கணக்கில் எடுக்கிறார்கள். மகள் கைக்குழந்தையாக இருந்ததால் அந்த ஓராண்டும் நான் பகுதிநேரமாகவே வேலை செய்தேன். காலாண்டுக்கு 7,800 டாலர்தான் வந்தது. முழுநேரத்துக்கு மாறிய பின், 2024 அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெற்ற 11,900 டாலர் இந்தக் கணக்கில் சேரவே இல்லை. அதிகம் ஈட்டிய காலாண்டின் தொகையை 26ஆல் வகுத்தால் வாரத்துக்கு 300 டாலர் வருகிறது. வந்த கடிதத்திலும் அதே தொகைதான். ஏப்ரலில் விண்ணப்பித்திருந்தால் அந்த அக்டோபர்-டிசம்பர் காலாண்டும் கணக்கில் சேர்ந்து, உச்சவரம்பான 450 டாலர் கிடைத்திருக்கும். 26 வாரங்களுக்கு 7,800 டாலர் என்பதற்கும் 11,700 டாலர் என்பதற்கும் உள்ள வேறுபாடு, வாடகை வீட்டில் இருக்கும் எங்களுக்குச் சிறியதன்று.

சம்பளச் சீட்டுகளை, பணம் கைக்கு வந்த தேதிப்படி இருமுறை கூட்டிச் சரிபார்த்துவிட்டேன். மாநில அலுவலகத்தைத் தொலைபேசியில் நான்கு நாட்களாக அழைத்தும் இணைப்பு கிடைக்கவில்லை. இணையக் கணக்கு வழியே அனுப்பிய கேள்விக்கும் பதில் இல்லை. இதுவரை ஒரு டாலர்கூடப் பெறவில்லை; இன்னும் வேலையில்லை என்று இரு வாரங்களுக்கு ஒருமுறை தர வேண்டிய சான்றளிப்பையும் அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.

இந்த நிலையில், முதல் விண்ணப்பத்தை ரத்து செய்து அடுத்த காலாண்டில் புதிதாக விண்ணப்பித்தவர்கள் யாரேனும் இருந்தால், அதை எந்த வழியில் கோரினீர்கள் என்று சொல்வீர்களா?